மாடி கட்டின வருஷம்

எனக்கு ஒன்பது வயதில் ஆரம்பித்தது, பதினொன்றில் நின்றது. செய்தவர் என் அத்தை வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர். என்ன செய்தார் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பத்தாறு வயதில் எனக்குத் தெரியவந்த சில விஷயங்கள் இருபது வயதிலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ வேறு மாதிரி போயிருக்கும். இப்போதும் யாரோ ஒருவர், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்து, "சின்ன வயசுல நடந்ததுக்கு இப்போ புகார் கொடுக்க முடியுமா" என்று தேடிக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் இது.

2021 மே மாதம், ஊரடங்கு. சென்னையில் ஒரு பள்ளியின் பழைய மாணவிகள் தங்கள் ஆசிரியரைப் பற்றி ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்து, அவர் கைதாகி, நாள் முழுக்க டிவியில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. தரையில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன், கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. அவர் எதுவும் பேசவில்லை, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஃபேஸ்புக்கில் மாமா பெயரைப் போட்டு நீளமாக ஒரு பதிவு எழுதிவிட்டேன். போடுவதற்கு முன்னால் ஒரு தோழியிடம் காட்டினேன். "முதல்ல ஒரு வக்கீலைப் பாரு, அப்புறம் போடு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். பொதுவில் பெயர் போட்டால் அவர் நம்மேல் அவதூறு வழக்குப் போடலாம், அப்புறம் அதற்கும் நாம்தான் அலைய வேண்டும். அதே விஷயத்தை நல்லெண்ணத்தோடு போலீஸிடமோ நீதிபதியிடமோ புகாராகக் கொடுத்தால் அது அவதூறு ஆகாது என்று சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. வேறு வழி தெரியாமல் பதிவு போட்டவர்களை நான் ஒரு சொல்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்று தயங்குபவர்களுக்கு: ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்படி அது உரிமை. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். எனக்குக் கிடைத்த வக்கீலம்மா என்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த வருஷம்மா நடந்தது?"

"சின்ன வயசுல, மேடம்."

"அது போதாதும்மா. எனக்கு வருஷம் வேணும்."

அன்றைக்கு அது எனக்கு இரக்கமில்லாத கேள்வியாகப் பட்டது. இப்போது யார் என்னிடம் வந்து பேசினாலும் நானும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

நான் போனது ஒரு நம்பிக்கையோடு. சென்னையில் பிறந்து கனடாவில் வாழும் ஒரு விஞ்ஞானி, சிறுமியாக இருந்தபோது நடந்ததற்காகப் பல பத்தாண்டுகள் கழித்துப் புகார் கொடுக்க முயன்று, டெல்லி வரை போய்ப் போராடினார். அதையொட்டி 2018 அக்டோபரில், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) குற்றங்களைப் புகார் செய்யக் கால வரம்பு இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அந்தச் செய்தியைப் படித்தபோதே வெட்டி எடுத்து பீரோவுக்குள் வைத்திருந்தேன். வக்கீலம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்ததற்குத்தான் அது பொருந்தும். குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதை வைத்துத்தான் தண்டிக்க முடியும், அரசியல் சாசனத்தின் 20-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. எனக்கு நடந்தது 1994-லிருந்து 1996 வரை. அதனால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான்.

சரி, பழைய சட்டமாவது இருக்கிறதே என்று நினைத்தேன். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. இதைக் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பலரும் ஒன்று வீணாக நம்புகிறார்கள், இல்லை என்றால் வீணாகக் கைவிடுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றம் எதற்கும் கால வரம்பு கிடையாது. பாலியல் வன்புணர்வு 376, இயற்கைக்கு மாறான உறவு என்று பழைய சட்டம் சொன்ன 377, இந்த இரண்டிலும் தண்டனை அதிகம், அதனால் நாற்பது வருஷம் ஆனாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் தொடுவது, தடவுவது, ஆடையைக் களைவது போன்றவை 354-ல் வரும். அதற்கு 2013 பிப்ரவரி 3-ல் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும் அதிகபட்ச தண்டனையே இரண்டு வருஷம்தான். அந்த அளவு தண்டனை உள்ள குற்றத்துக்கு மூன்று வருஷத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். நீதியின் நலனுக்காகத் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், இருபத்தைந்து வருஷத் தாமதத்தை மன்னிக்க வைப்பது கடினம். குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை இந்தக் கெடு காத்திருக்கும் என்பதும் இல்லை.

என்னுடையது அந்த 354 பக்கம் விழுந்தது. கடைசியாக நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்படியானால் என் கெடு என் பதினான்காவது வயதிலேயே முடிந்துவிட்டது, நான் ஒன்பதாவது படிக்கும்போது. அதற்கு என்ன பெயர் என்றுகூட எனக்குத் தெரியாத வயது அது.

அதனால்தான் என்ன நடந்தது என்று வக்கீல் துல்லியமாகக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். "தப்பா நடந்துக்கிட்டார்" என்று மட்டும் சொன்னால், கால வரம்பே இல்லாத ஒரு குற்றம் கால வரம்புள்ள பிரிவில் போய் விழுந்துவிடலாம். சொல்ல வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

ஆண்களுக்கு இதைவிடவும் சிரமம். என் அலுவலக நண்பர் ஒருவர் இந்தக் கதை தெரிந்த பிறகு, தனக்கு விடுதியில் நடந்ததைச் சொன்னார். 376-ம் 354-ம் பெண்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை. 2012-க்கு முன்னால் சிறுவனாக இருந்தவர்களுக்கு 377 ஒன்றுதான் பெரும்பாலும் பொருந்தும், அதுவும் எல்லாச் செயலுக்கும் அல்ல. போக்சோ வந்த பிறகுதான் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடு போனது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377 இல்லை, ஆனாலும் அதற்கு முன் நடந்ததற்குப் பழைய சட்டம் பொருந்தும்.

வக்கீலம்மா என்னைத் திருப்பி அனுப்பும்போது ஒரு வேலை கொடுத்தார். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, நினைவிருப்பதை எல்லாம் எழுத வேண்டும். தேதி தெரியாவிட்டால் எந்த வகுப்பு, எந்தப் பண்டிகை, வீட்டில் யார் இறந்த வருஷம், டிவி வாங்கினது எப்போது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும், ஊகத்தை உண்மை மாதிரி எழுதக் கூடாது. "கோர்ட்டில் நீங்க தடுமாறுறது மறந்துபோனதால இருக்காதும்மா, மறந்துபோனதை இட்டு நிரப்பினதால இருக்கும்" என்றார்.

எனக்கு நினைவிருந்தது தாத்தா வீட்டு மாடி அறை. பூசாத செங்கல் சுவர், ஈரச் சிமெண்ட் வாசனை, மூலையில் அடுக்கிய சென்ட்ரிங் பலகைகள். மாடி கட்டின வருஷம் எதுவென்று தெரிந்தால் போதும். அப்பா இல்லை, அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன். "எதுக்கும்மா இப்போ அதையெல்லாம் கிளறுறே? அத்தை முகத்தில எப்படி முழிக்கிறது?" என்றாள் அம்மா. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஆனால் அம்மா சித்தியிடம் சொல்லியிருக்கிறாள், சித்தி சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறாள், அப்படி அது வீட்டுக்குள் நகர்ந்து ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குச் சித்தப்பா மகளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. கல்லூரியில் இரண்டாம் வருஷம், பத்தொன்பது வயது. அவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அக்கா, மாடி ரூமா?"

இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நான் பேசாமல் இருந்த அத்தனை வருஷமும் அந்த அறை அங்கேயே இருந்திருக்கிறது.

அவளையும் வக்கீலம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதே கேள்வி, எந்த வருஷம்? அவளுக்கும் வருஷம் தெரியவில்லை, முழுப் பரீட்சை லீவு என்று மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாயி விரல்ல ஓட்டுப் போட்ட மை இருந்துச்சு. அதைக் காட்டி என்னைச் சிரிக்க வெச்சாங்க, அன்னைக்கு சாயங்காலம்தான்" என்றாள். அவள் ஏழாம் வகுப்புக்குப் போகுமுன் வந்த தேர்தல். தமிழ்நாட்டில் 2014 நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது ஏப்ரல் 24-ல். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 2012 நவம்பருக்குப் பிறகு. போக்சோ.

புகார் கொடுக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு எத்தனை வயது என்பது பொருட்டே இல்லை, நடந்தபோது 18-க்குக் கீழ் இருந்தாரா என்பதுதான் கணக்கு. பன்னிரண்டு வயதுக்குக் கீழ், செய்தவர் உறவினர், இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே அது கடுமையான குற்றம். 2019-ல் தண்டனையைக் கூட்டினார்கள், ஆனால் 2014-ல் நடந்ததற்கு 2014-ல் இருந்த தண்டனைதான். அதுவே கடுமையானதுதான், செயலைப் பொறுத்துக் குறைந்தது ஐந்து வருஷம் அல்லது பத்து வருஷம்.

அவள் உடனே புகார் கொடுக்கவில்லை. எட்டு மாதம் எடுத்துக்கொண்டாள். நான் அவசரப்படுத்தவில்லை, அதில் எனக்கு நிம்மதி. அந்த எட்டு மாதமும் ஒரு மனநல ஆலோசகரிடம் போய் வந்தாள். இப்போது 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஆனால் ஒன்றை மட்டும் நான் காத்திருக்காமல் செய்தேன், அத்தை வீட்டுக்கு லீவுக்கு வந்து போகிற ஏழு வயதுக் குழந்தையின் அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். உங்கள் விஷயத்தில் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். இப்போது ஒரு குழந்தைக்கு நடக்கிறது, நடக்கப் போகிறது என்று தெரிந்தால் அப்படி இல்லை, போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு அதைக் கடமையாக்கியிருக்கிறது; குழந்தைகள் உதவி எண் 1098-லும் சொல்லலாம்.

2022-ல் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். "குடும்பத்துல ஏதாச்சும் சொத்துத் தகராறா?" என்பதுதான் முதல் கேள்வி. மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். கையில் ஒரு ரசீது வந்ததுமே எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று என்று நாங்கள் சந்தோஷப்பட்டுவிட்டோம். சி.எஸ்.ஆர். என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். குற்ற எண் போட்டு, பிரிவுகள் எழுதி, இலவசமாக நகல் தருவதுதான் எஃப்.ஐ.ஆர். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், மூன்று மாதத்துக்கு மேல் காரணம் சொல்லாத தாமதம் இருந்தால் போலீஸ் முதலில் ஒரு சின்ன விசாரணை செய்யலாம் என்றும் இருக்கிறது. நம் எல்லோருடைய புகாரும் தாமதமானதுதான். அதனால் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்பதைப் புகாரிலேயே ஒரு பத்தி எழுதிவிடுங்கள். பயம், வயது, அவரை நம்பி இருந்த குடும்பம், யாரிடம் எப்போது முதலில் சொன்னீர்கள், எல்லாம். எங்கள் மனுவில் அந்தப் பத்தி முதலில் இல்லை. வக்கீலம்மா அதைச் சேர்த்து மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் எஃப்.ஐ.ஆர். ஆனது. அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம் என்று அதையும் தயாராக வைத்திருந்தார். ஊர் தள்ளி, நாடு தள்ளி இருப்பவர்கள் சம்பவம் நடந்த ஊருக்கே ஓட வேண்டியதில்லை. இந்தியாவில் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். இப்போது மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

எட்டு வருஷம் கழித்து மருத்துவப் பரிசோதனை என்று பேச்சு வந்தது. அவள் சம்மதம் இல்லாமல் யாரும் தொட முடியாது, பாலுறவுக்குப் பழகியவரா என்று விரலால் பார்க்கும் இரு விரல் சோதனை எந்த நிலையிலும் கூடாது என்று வக்கீலம்மா அங்கேயே நின்று சொன்னார். மருத்துவச் சான்று இல்லை என்றால் வழக்கே இல்லை என்று நினைக்காதீர்கள். நம்பத் தகுந்ததாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றே போதும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்குத் துணையாக நிற்கும் சின்னச் சின்ன விஷயங்களைத் தேடுங்கள். அவள் பதினைந்து வயதில் ஒரு தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இன்று வழக்கில் இருக்கிறது. பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள், டைரியைக் கிழிக்காதீர்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-வது பிரிவில் வாக்குமூலம் கொடுத்தாள் (புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 183, ஆனால் கோர்ட்டில் எல்லோரும் இன்னும் 164 என்றுதான் சொல்கிறார்கள்). என் புகார் தனி வழக்காக நிற்கவில்லை. அவள் வழக்கில் நான் சாட்சி. முதலில் அது எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மாமா எனக்குச் செய்ததற்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லப் போவதில்லை. உரிமையியல் வழக்காக நஷ்ட ஈடு கேட்கலாமா என்றும் விசாரித்தேன், அதுவும் 18 வயது முடிந்து அதிகபட்சம் மூன்று வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டும். இது மாற வேண்டிய சட்டம். பதினான்கு வயதில் முடிந்துபோகும் கெடுவை யாருக்காக வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. தங்கைக்கு அந்தக் கதவு மூடவில்லை, சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இழப்பீடு கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு இடைக்கால இழப்பீடு கேட்கலாம்.

நடுவில் சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவள் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்கிறோம், பத்திரத்தில் ஒரு கையெழுத்து என்றார்கள். சித்தப்பா ஒரு நிமிடம் தடுமாறினார், அதை நான் பார்த்தேன். போக்சோ வழக்கு அப்படிச் சமாதானம் பேசி முடிக்கிற வழக்கே அல்ல. அந்தக் கையெழுத்து நாளைக்கு அவர்கள் பக்கத்து வக்கீல் கையில் ஆயுதமாகும், பணம் பறிக்கப் போட்ட வழக்கு என்பார். அதைச் சொன்னது சித்திதான். "என் புள்ளைக்கு விலை சொல்ல வந்தீங்களா" என்று எழுந்து நின்றாள். காபி டம்ளர்கள் அப்படியே இருந்தன.

விசாரணை மகளிர் நீதிமன்றத்தில். மூடிய அறையில்தான் நடக்கிறது, வெளியாள் யாரும் இருக்க முடியாது. அவள் பெயரையோ அடையாளத்தையோ யாராவது வெளியிட்டால் அது தனிக் குற்றம், உறவுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் சரி. அரசு வழக்கறிஞர்தான் நடத்துகிறார், எங்கள் வக்கீலம்மா அவருக்கு உதவியாக இருக்கிறார். அவளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது என்பதால் திரை தேவையா என்று கேட்டார்கள். சாக்ஷி வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி வக்கீலம்மா திரை கேட்டு வாங்கினார். மாமாவைப் பார்க்காமலேயே அவள் சாட்சி சொன்னாள்.

வாய்தா மேல் வாய்தா. மூன்று தடவை போய்ச் சும்மா திரும்பினோம். ஒவ்வொரு தடவையும் அவள் முந்தின ராத்திரி தூங்காமல் வருவாள், அது யாருக்கும் கணக்கில் வராது. போகும்போது கையில் சாப்பாடும் தண்ணீரும், கூட ஒருவரும் இருக்க வேண்டும். பேசிக்கொண்டே இருப்பவர் வேண்டாம், சும்மா உட்காரத் தெரிந்தவர் போதும்.

போன மாதம் அவளுக்குக் குறுக்கு விசாரணை முடிந்தது. ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், பாட்டிலில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள். "மாடி எந்த வருஷம் கட்டினதுன்னு கேட்டாங்க அக்கா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். தெரியாததைத் தெரியாதுன்னுதானே சொல்லணும்?"

அடுத்த வாய்தா எனக்கு. முந்தாநாள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். பையிலிருந்து துணியில் சுற்றின ஒன்றை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் கணக்கு நோட்டு. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் 1994 தை, மேஸ்திரி கூலி, சிமெண்ட் 40 மூட்டை, மாடி சென்ட்ரிங்.